மானுக்குக் கட்டிய வலை

1. மிளகாய்ச் செடி பூவெடுக்கும் பருவத்தில் எங்கள் கொல்லைக்குள் மான்கள் இறங்கின.
2. சட்டம் எதை விடுகிறது, எதைத் தடுக்கிறது என்று நான் படித்துப் பார்த்தேன்.
3. பாம்பனில் பழைய மீன்வலை வாங்கி வந்து அய்யாவும் நானும் கொல்லையைச் சுற்றிக் கட்டினோம்.
4. மான்கள் வரவில்லை.
5. ஒருநாள் விடிந்தபோது கொம்புள்ள மான் ஒன்று வலையில் மாட்டிச் செத்துக் கிடந்தது.
6. வனத்துறைக்கு நாங்களே போன் செய்தோம்.
7. வனவர் வந்தார். அய்யா நடந்ததைச் சொன்னார், வனவர் எழுதினார், அய்யா கையெழுத்துப் போட்டார்.
8. அய்யாமேல் மான் வேட்டை வழக்கு.

யார் கேட்டாலும் இந்த வரிசையில்தான் சொல்கிறேன். பலமுறை சொல்லிவிட்டதால் இப்போது தடங்கல் இல்லாமல் வருகிறது. கேட்பவர்கள் ஏழாவதில் தலையாட்டுவார்கள், எட்டாவதில் முகம் மாறுவார்கள். "நீங்களே கூப்பிட்டு நீங்களே சொன்னதுக்கா கேஸு?" என்பார்கள். ஏழிலிருந்து எட்டுக்கு எப்படிப் போனது என்று ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வேலை பாம்பனில். விசைப்படகுகளின் ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட் எல்லாம் பழுது பார்க்கிற கடை. நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. உப்புக்காற்றில் பச்சை பூத்துப்போன கனெக்டர்களைச் சுரண்டித் துடைப்பதிலேயே பாதி நாள் போய்விடும். மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும்போதுதான் எங்கள் கடைக்கு நிற்க நேரமில்லாத வேலை. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி, ராமநாதபுரத்தில் மாறி, திருவாடானைப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்குப் போவேன். திங்கட்கிழமை காலையில் திரும்பிவிடுவேன்.

எங்கள் கொல்லை கண்மாயை ஒட்டி இருக்கிறது. கொஞ்சம் நெல், மிச்சமெல்லாம் குண்டு மிளகாய். கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் மண்டி ஆள் நுழைய முடியாது. அதற்குள் புள்ளிமான்கள் இருக்கின்றன. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் யாராவது மானைப் பார்த்தால் வந்து ஊருக்கெல்லாம் சொல்வார்கள். இப்போது யாரும் சொல்வதில்லை. மிளகாய்ச் செடியின் கொழுந்தைக் கிள்ளியது போல ஒரே உயரத்தில் மேய்ந்துவிட்டுப் போகின்றன. தின்பதைவிட மிதிப்பது அதிகம். அய்யா, என் அப்பா, இருட்டியதும் தகரத்தைத் தட்டிக்கொண்டு கொல்லையைச் சுற்றி வருவார். மான்கள் கண்மாய்க்குள் போய் நின்று, தட்டி முடிக்கிறவரை காத்திருந்துவிட்டுத் திரும்ப வரும்.

அய்யாவுக்குத் தம்பிமுறையில் ஒருவர் இருக்கிறார், எனக்குச் சித்தப்பா. ஊரில் யாருக்கு என்ன தொல்லை என்றாலும் முதல் யோசனை அவருடையதாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, நீ படிச்ச பிள்ளதான? எம் மருமகன் இருக்காரே, அமெரிக்காவுல, அங்க மானு சுட லைசென்ஸ் குடுக்குறாங்களாம். சீசன் வந்துச்சுன்னா ஆபீசுக்கு லீவு போட்டுட்டுப் போயிச் சுடுறாங்களாம். ஆளுக்கு இத்தனைன்னு கணக்காம். அதே மாதிரி இங்கன ஒண்ணு எழுதிப் போடு."

"இங்கன அப்படி லைசென்ஸே கிடையாது சித்தப்பா."

"கெடையாதுன்னா? சாராயக் கடைக்குக் குடுக்குறான், வெடிக் கடைக்குக் குடுக்குறான், மானுக்குக் குடுக்க மாட்டானா?"

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர், "தடைக்காலம் போட்டிருப்பாங்கண்ணே, மீனுக்குப் போடுறாப்புல. எப்ப முடியுதுன்னு கேட்டுச் சொல்லு தாயி" என்றார்.

"மானுக்குத் தடைக்காலம் முடியவே முடியாதுண்ணே. வருசம் பூராவும்தான்."

"அப்ப அது வருசம் பூராவுமா குட்டி போட்டுக்கிட்டிருக்கு?"

கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர்கள் கேட்டது தப்பில்லை. எங்கள் மாவட்டத்தில் அரசாங்கம் ஒன்றைப் பிடிக்காதே என்று சொன்னால், அதற்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு என்றுதான் எல்லோருக்கும் பழக்கம். தடை முடிந்தால் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகலாம். இது அப்படி இல்லை என்று புரியவைக்க எனக்கே முதலில் புரிய வேண்டியிருந்தது. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைப் போனில் வைத்துப் படித்தேன்.

படித்ததில் தெரிந்தது இது. மான் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு என்று ஒன்று கிடையாது. பருவம் கிடையாது. சொந்த நிலத்தில் என்றாலும் கிடையாது. ஒரு மிருகம் மனிதருக்கோ பயிருக்கோ ஆபத்து என்று மாநிலத்துக்கே பெரிய வன அதிகாரி ஒருவர் முடிவு செய்து, காரணத்தை எழுதி, உத்தரவு போட்டால்தான் அதைக் கொல்ல முடியும். அதுவும் அவர் சொல்கிற ஆள்தான் செய்யலாம். பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு மனுப் போடலாம். மின்வேலி போட்டால் குற்றம். மான் மட்டுமல்ல, மனிதரும் சாவார்கள். சூரிய சக்தி வேலிக்கு அனுமதி வேண்டும், அதற்கான செலவு எங்கள் கொல்லைக்குக் கட்டுப்படியாகாது.

'வேட்டை' என்ற சொல்லுக்குச் சட்டம் கொடுக்கிற விளக்கத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கொல்வது மட்டும் வேட்டை இல்லை. பிடிப்பது, பொறி வைப்பது, கண்ணி வைப்பது, ஓட்டுவது, இரை வைப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது, எல்லாமே வேட்டை.

அய்யாவிடம் சொன்னேன். அவர் கையில் தகரம் இருந்தது.

"ஓட்டுறதும் வேட்டையா? அப்ப நான் தெனமும் வேட்டைக்குத்தான் போயிக்கிட்டு இருக்கேனா?"

"பிடிக்கிறதுக்காக ஓட்டுறதச் சொல்றாங்கய்யா."

"எதுக்காக ஓட்டுறேன்னு மானு போயிச் சொல்லுமா?"

மீன்வலை யோசனை என்னுடையது. பாம்பனில் கிழிந்த வலை மலிவு. நைலான் மக்காது, வெயில் தாங்கும். மான் தாண்டும் உயரத்தைவிட உயர்த்திக் கட்டினால் அது தாண்டப் பார்க்காமல் திரும்பிவிடும் என்று படித்திருந்தேன். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு அக்கா இருக்கிறார். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், அக்கா வலையில் கிழிசல் பார்க்கிறவர். அவர்கள் வயர்லெஸ் செட்டை நான் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். அவரிடம் போய்க் கேட்டேன்.

"ஒனக்கெதுக்குடி வலை?"

"மானுக்குக்கா."

அக்கா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டார். வீட்டுக்குள் பார்த்து, "இந்தா, இங்க வந்து கேளுங்க, இவ மானுக்கு வலை கேக்குறா. எத்தன பாகத் தண்ணியிலடி கெடக்கு ஒங்க ஊரு மானு?" என்றார். பாகம் என்பது அவர்கள் கடலாழத்தை அளக்கிற கணக்கு.

"பிடிக்க இல்லக்கா. வராம இருக்க."

"வராம இருக்க வலையா? நாங்க மீனு வரணும்னுல மாதாவுக்கு மெழுகுத்திரி கொளுத்திட்டு வலை போடுறோம்!"

திருக்கை பிடிக்கிற வலை கிடைத்தது. கண் பெரிது, நூல் தடிமன். மூட்டையாகக் கட்டி பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்தேன். கண்டக்டர் நாற்றம் தாங்காமல் எல்லா ஜன்னலையும் திறக்கச் சொன்னார். கருவேலங்கம்பு ஊன்றி, அய்யாவும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டி முடித்தோம். தளர்ந்து தொங்காமல் இருக்க மேலும் கீழும் கயிறு ஓட்டினேன். மான்கள் வந்து வெளியே நின்று பார்த்துவிட்டுப் போயின. காலடித் தடம் வலைவரை வந்து திரும்பியிருப்பதை அய்யா தினமும் போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் தங்களுக்கும் வலை வேண்டும் என்று சொல்லிவைத்தார்கள். சித்தப்பா மட்டும், "லைசென்சு வாங்கியிருந்தா இந்த நாத்தம் இல்ல" என்றார்.

மான் மாட்டிய ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில் இருந்தேன். விடிந்தும் விடியாமலும் அய்யா வந்து எழுப்பினார். "ஏத்தா, எந்திரிச்சு வா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

கிளைவிட்ட கொம்புள்ள பெரிய மான். கொம்பு வலைக்கண்ணுக்குள் நுழைந்து, திருப்பித் திருப்பி இழுத்ததில் வலை கழுத்தில் முறுக்கியிருந்தது. இரண்டு கம்புகள் பிடுங்கிக் கிடந்தன. மண்ணைக் குளம்பால் உழுதிருந்தது. அய்யா அரிவாளை எடுத்து வலையை அறுக்கப் போனார். நான் தடுத்தேன். தொடக் கூடாது. தொட்டால் உடலைக் கைப்பற்றியதாக ஆகும், புதைத்தால் மறைத்ததாக ஆகும். போன் செய்வதுதான் ஒரே வழி.

போன் செய்தேன். வருகிறோம் என்றார்கள். வனவர் வேறு ஊரில் இருந்தார், வர நேரமானது. அதுவரை நாங்கள் மானுக்குப் பக்கத்தில் நின்றோம். விட்டுவிட்டுப் போக முடியாது, நாய் இழுத்துவிடும். ஊரே வந்து கூடிவிட்டது. "கறி வீணாப் போகுதேப்பா" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர், "ஒரு தொடையக் காணோம்னா அதிகாரி எண்ணிப் பாக்கவா போறாரு?" என்றார். அம்மா ஒரு சத்தம் போட்டதும் அடங்கினார்கள். வெயில் ஏறியது. காக்காய் வந்து கண்ணில் உட்கார்ந்தது. அய்யா துண்டை வீசினார். அப்புறம் என்னைப் பார்த்து, "காக்கா ஓட்டலாமா, அதுவும் அதுல வருதா?" என்றார். கேலிக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது என்று சொன்னேன். உண்மையாகவே தெரியாது.

வனவர் கடற்கரை ஊர்க்காரர், என் வயதுதான் இருக்கும். மரியாதையாகப் பேசினார். கால்நடை மருத்துவரைக் கூட்டி வந்திருந்தார். மருத்துவர் அறுத்துப் பார்த்து, மூச்சு முட்டிச் செத்திருக்கிறது என்று எழுதினார். கண்மாய்க் கரையில் எங்கள் முன்னாலேயே எரித்தார்கள். அதற்குப் பிறகு வனவர் கொல்லை மேட்டில் உட்கார்ந்து அய்யாவிடம் கேட்டு எழுதினார்.

"இந்த வலை எதுக்குங்கய்யா?"

"மானுக்குத்தாங்க கட்டுனேன். மத்தபடி ஒண்ணுமில்ல."

எழுதி முடித்து அய்யாவிடம் கொடுத்தார். அய்யா என்னிடம் கொடுத்தார். நான் பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், தேதி, நேரம் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். சர்வே எண்ணில் ஒரு உட்பிரிவு விட்டுப்போயிருந்தது, சேர்க்கச் சொன்னேன். 'மானுக்காக வலை கட்டியிருந்தேன்' என்ற வரியையும் படித்தேன். அய்யா சொன்னதுதானே, பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அய்யா கையெழுத்துப் போட்டார். வனவர் வலையை அவிழ்த்துச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் வனச்சரக அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். அங்கே அலுவலர் ஒரு பெண், என்னைவிடச் சில வயது மூத்தவர். அய்யாவை உட்காரச் சொல்லிவிட்டு, வாக்குமூலத்தை எடுத்து அந்த வரியில் விரல் வைத்தார்.

"மானுக்காக வலை கட்டியிருந்தேன்னு அப்பாவே சொல்லியிருக்காரேம்மா. வலை கட்டிப் பிடிக்கிறது வேட்டைதான். மானும் செத்திருக்கு."

"மான் வராம இருக்கக் கட்டினது மேடம்."

"அப்படி இதுல இல்லையே."

"மானுக்கு வலைன்னா எங்க ஊர்ல அதுதான் மேடம் அர்த்தம். கொசுவுக்கு வலை கட்டுறோம். கொசுவப் பிடிச்சுத் திங்கிறதுக்கா?"

அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற வனவரைப் பார்த்து, "நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டு எழுதினீங்க?" என்றார்.

"மேடம், எங்க ஊர்ல நண்டுக்கு வலைன்னா நண்டு பிடிக்கிற வலை. இறாலுக்கு வலைன்னா இறால் பிடிக்கிற வலை. அவர் மானுக்குன்னார், நான் மானுக்காகன்னு எழுதினேன். கூட்டியும் எழுதல, கொறச்சும் எழுதல. அவங்களும் படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டாங்க."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவருக்கு வலை என்றால் வரவைப்பது. எங்களுக்கு வலை என்றால் கொசுவலை ஒன்றுதான், அது வராமல் தடுப்பது. 'க்கு' என்கிற ஒன்று இரண்டுக்கும் பொருந்திவிட்டது. அன்று பஸ்ஸில் நான் அதையே வரிசையாகப் போட்டுப் பார்த்துக்கொண்டு போனேன். மழைக்குக் குடை, காய்ச்சலுக்கு மாத்திரை, வெயிலுக்குத் தொப்பி: எங்கள் பக்கம். பிள்ளைக்குப் பால், மாட்டுக்குப் புல்: அவர்கள் பக்கம். எலிக்குப் பொறி என்று வந்தபோது நிறுத்திவிட்டேன். அது எலி வராமல் இருக்கவும்தான், எலியைப் பிடிக்கவும்தான்.

கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தைத் திருத்த முடியாது, வேண்டுமானால் தனியாக மனு எழுதிக் கொடுக்கலாம், அதைச் சேர்த்துக்கொள்கிறேன் என்றார் அலுவலர். இன்னொரு வழியும் சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொண்டு இணக்கக் கட்டணம் கட்டினால் வழக்கு கோர்ட்டுக்குப் போகாது. அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. எங்களுக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார்.

மனுவை நான் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு கதவாக மூடத் தொடங்கியது. வலை வேட்டைக் கருவி, அதனால் வழக்கு முடியாமல் திரும்பக் கிடைக்காது. வேறு வலை கட்டலாமா என்று கேட்டேன். வழக்கு நடக்கிறபோது அதே இடத்தில் அதே மாதிரி வலை கட்டினால் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது என்றார்கள். பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டுப் போனேன். மனுதாரர்மேலேயே வேட்டை வழக்கு இருக்கிறது, அது முடியட்டும் என்று திருப்பிக் கொடுத்தார்கள். அய்யா தகரத்தை எடுக்கவும் பயந்தார். தகரம் தட்டலாம், ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னேன். "நீதானத்தா அன்னைக்கு ஓட்டுறதும் வேட்டைன்ன" என்றார். நான் படித்துச் சொன்ன ஒவ்வொன்றும் எங்களைச் சுற்றி ஒரு முடிச்சாக விழுந்திருந்தது. மான்களுக்கு வேலி போனது தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நான் போன் செய்தால் அய்யா மிளகாயைப் பற்றிப் பேசாமல் பாம்பனில் காற்று எப்படி என்று கேட்பார்.

ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. டீக்கடைக்கு அய்யா போனால், "வேட்டைக்காரரு வாராரு, பெஞ்சுல எடம் விடுங்கப்பா" என்பார்கள். "பெரியப்பா, தோலு எதுவும் மிச்சமிருக்கா?" என்று இளவட்டங்கள் கேட்கும். சொல்கிறவர்கள் பகையாளிகள் இல்லை, தினமும் கூட உட்காருகிறவர்கள்தான். அய்யா முதலில் சிரித்தார். பிறகு டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் வலை கேட்டதை மறந்துவிட்டார்கள்.

திருவாடானையில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். முழுக்கக் கேட்டார். "கோர்ட்டுல சொன்னா எடுபடும். கொசுவலைன்னு சொன்னீங்க பாருங்க, அது நல்ல பாயின்ட்டு. ஆனா அதச் சொல்றதுக்கு நம்ம முறை வர எத்தனை வருசம்னு எனக்குத் தெரியாது" என்றார். கட்டணத்தைக் கட்டிவிட்டால் அன்றைக்கே முடியும். ஆனால் பேர் ஏட்டில் ஏறும். நாளைக்கே கண்மாயிலிருந்து இன்னொரு மான் வந்து எங்கள் கொல்லையில் எப்படிச் செத்தாலும் முதல் பார்வை அய்யாமேல்தான் விழும்.

வீட்டில் உட்கார்ந்து இரண்டு வழியையும் அய்யாவுக்குப் படம் போட்டுக் காட்டினேன். கட்டினால் இது, அதிலிருந்து இது. கட்டாவிட்டால் இது, அதிலிருந்து இது. எனக்கு அப்படிப் போட்டால்தான் தெளிவாகும். அய்யா அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் கடைசியில மானுதான் நிக்குது" என்றார்.

"கட்டித் தொலைச்சிட்டு வாங்க. தாலுகா பூராவும் சிரிக்குது" என்றார் அம்மா.

கட்டுவது என்று முடிவானது. முடிவு செய்தது அய்யா. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனால் அந்தப் பக்கம் போகாதே என்று சொல்ல எனக்கு வேறு பக்கமும் இல்லை. கடையில் லீவு சொல்லிவிட்டு அய்யாவோடு போனேன். அவர் வெள்ளை வேட்டி கட்டி, சட்டையை அம்மாவிடம் கொடுத்துத் தேய்த்து வாங்கியிருந்தார்.

அலுவலர் ஒரு விண்ணப்பத்தை எடுத்து எங்கள் முன்னாலேயே நிரப்பத் தொடங்கினார். பேர், வயது, தொழில். நடுவில், "இதுக்கு முன்னால வேட்டைக்குப் போனதுண்டா?" என்றார். இல்லை என்று எழுதுவதற்காகக் கேட்கிற கேள்வி அது. பேனா அந்தக் கட்டத்துக்குப் போயே விட்டது.

"போயிருக்கேனே" என்றார் அய்யா.

பேனா நின்றது.

"எளவட்டத்துல. எங்க சாமிக்குப் பாரிவேட்டை உண்டுல்ல, சிவராத்திரி முடிஞ்ச மறுநா. ஊரே போவோம். மொதக் கம்பு எங்க வீட்டுக்குத்தான். முயலு ரெண்டு நானே அடிச்சிருக்கேன்."

அய்யா நிமிர்ந்து உட்கார்ந்து இதைச் சொன்னார். எங்கள் ஊருக்கும் ஒரு வேட்டைப் பருவம் இருந்தது. அந்த ஒருநாள், சாமி உத்தரவு. இப்போது கம்போடு கண்மாய்வரை போய், சும்மா சத்தம் போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்கள். முதல் கம்பெடுக்கிற அந்த மரியாதையைப் பற்றி அய்யா பேசி நான் கேட்டு வருசமாகிவிட்டது. நான் அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன். அவர் கையை உதறினார்.

அலுவலர் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "அய்யா, நான் அதக் கேக்கல. நீங்களும் அதச் சொல்லல" என்றார். அந்தக் கட்டத்தில் இல்லை என்று எழுதினார். விண்ணப்பத்தைத் திருப்பி அய்யா பக்கம் வைத்தார். "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. இந்தத் தடவ நல்லாப் படிங்க."

அய்யா என்னிடம் கொடுக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே எழுத்துக் கூட்டிப் படித்தார். 'மானைப் பிடிக்கும் நோக்கத்துடன் வலை கட்டி வேட்டையாடியதை ஒப்புக்கொள்கிறேன்' என்ற வரிக்கு வந்ததும் திரும்ப ஆரம்பத்துக்குப் போய்ப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த முயல எழுதுங்கம்மா. ரெண்டு முயலு. அது நான் அடிச்சது, கையெழுத்துப் போடுறேன். எவ்வளவு கட்டணுமோ கட்டுறேன். இந்த மானு நான் அடிக்கல."

"அய்யோ பெரியவரே, முயலுக்கும் கேஸு உண்டு. பேசாம இருங்க."

"அப்ப செஞ்சதச் சொன்னா எழுத மாட்டீங்க, செய்யாததத்தான் ஒத்துக்கணும்."

வனவர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அலுவலர் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தை இழுத்துத் தன் பக்கம் வைத்து, "யோசிச்சிட்டு வாங்க. எனக்கு அவசரம் ஒண்ணுமில்ல. ஆனா ஃபைல ரொம்ப நாள் என் மேசையில வச்சிருக்க முடியாது, கோர்ட்டுக்கு அனுப்பணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். நான் கோபத்தில் இருந்தேன். பாரிவேட்டையைச் சொன்னதற்கு ஒரு கோபம், கையெழுத்துப் போடாததற்கு இன்னொரு கோபம் என்று பிரித்துப் பார்த்தேன். இரண்டாவது கோபம் நிற்கவில்லை. அய்யா பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தம்மா நல்ல பிள்ளதான். முயல எழுதவே இல்ல பாத்தியா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "கட்டியாச்சா?" என்றார். "இல்ல" என்றார் அய்யா. அம்மா உள்ளே போய்ச் சோற்றை வடித்தார்.

இப்போது நிலைமை இது. கட்டணம் கட்டவில்லை. வழக்கு கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டது, முதல் தேதி இன்னும் சொல்லவில்லை. என் மனு அதோடு சேர்ந்து போயிருக்கிறது. வலை சரக அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கிறது. இழப்பீட்டு மனு அதே பதிலோடு இரண்டாவது தடவையும் திரும்பி வந்துவிட்டது. கொல்லையின் கண்மாய்ப் பக்கத்து வரிசைகளில் பறிக்க மிளகாய் இல்லை, உள்வரிசையில் கொஞ்சம் இருக்கிறது. கூப்பிடுகிற நாளில் ஆஜராக வேண்டும் என்பதால் அய்யா வெளியூர் எங்கும் போவதில்லை. நான் வாரக் கடைசியில் மட்டும் வந்துகொண்டிருந்தவள், இப்போது நடுவாரத்திலும் ஒருமுறை வந்து போகிறேன்.